பேனா எடுக்காமல் மூன்று கோடு: சாரல் ஊரில் வெளிச்சுவர் கட்டும் முறை

தென்காசி மாவட்டச் செங்கோட்டையில் வீடு கட்டுகிறவர் இரண்டு மழைக்குக் கட்ட வேண்டும். ஜூன் தொடங்கினால் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து சாரல் வரும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். சாரல் பெரிய மழை இல்லை. ஆனால் காற்றோடு வந்து நாள்கணக்கில் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று எவ்வளவு வலு என்று தெரிய, கிழக்கே கயத்தாறு வரை நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால் போதும். பங்குனி, சித்திரையில் அதே மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு படுக்கப் போகும்போது வீட்டுக்குள் விடும்.

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கமும், கணவாய்க்கு அந்தப்புறம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலையிலும் வீடு கட்டித் தருவது என் தொழில். என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்: "சுவர் ஓதம் அடிக்குது சார், எந்த பெயின்ட் அடிக்கலாம்?" பெயின்டில் அதற்குப் பதில் இல்லை. போய்ப் பார்த்தால் பூச்சு நன்றாக இருக்கும். ஜன்னலும் நல்ல ஜன்னல். மாடியில் வாட்டர்புரூஃபிங் செய்திருப்பார்கள். ஒழுகுவது, பூச்சு முடிந்து ஜன்னல் தொடங்கும் அந்த அரை இஞ்ச்சில். அல்லது மாடித் தளம் முடிந்து கைப்பிடிச்சுவர் எழும் மூலையில். ஓர் ஆள் வேலை முடித்து இறங்கி, இன்னோர் ஆள் ஏறும் இடங்கள் இவை. யாருடைய ரேட்டிலும் இந்த இடங்கள் இருப்பதில்லை. அதனால் யாரும் செய்வதில்லை.

முதலில் கோடு போடுங்கள்

வேலை தொடங்கும் முன் என்ஜினியரிடம் வீட்டின் செக்‌ஷன் வரைபடம் கேட்டு வாங்குங்கள். வீட்டை மேலிருந்து கீழ் வரை குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ, அந்தப் படம். பிளானை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மேற்குச் சுவர், ஒரு ஜன்னல், சன்ஷேடு, கைப்பிடிச்சுவர், மொட்டைமாடி எல்லாம் ஒரே வெட்டில் வர வேண்டும். பெரிய அளவில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மூன்று நிறப் பேனா எடுங்கள். நீலம் தண்ணீருக்கு, பச்சை காற்றுக்கு, சிவப்பு வெப்பத்துக்கு. நீலப் பேனாவை அஸ்திவாரத்து மேல்மட்டத்தில் வைத்து, எந்தப் பொருள் தண்ணீரை நிறுத்துகிறதோ அதன் மேலேயே கோட்டை இழுங்கள். சுவரில் ஏறி, ஜன்னலைச் சுற்றி, சன்ஷேடு மேல் போய், கைப்பிடிச்சுவர் உச்சியைத் தாண்டி, மாடித் தளம் கடந்து, மறுபக்கச் சுவரில் இறங்கி, தரைக்கு அடியில் வந்து தொடங்கிய புள்ளியில் சேர வேண்டும். எங்கே பேனாவைத் தூக்க வேண்டி வருகிறதோ, அங்கே வீடு ஒழுகும். பிறகு பச்சை, பிறகு சிவப்பு. மூன்றும் ஒரே இடத்தில் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன்னளவில் அறுபடாமல் ஓட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் பூச்சுதான் தண்ணீர்க் கோடும் காற்றுக் கோடும். வெறும் செங்கல் சுவரில் செங்குத்து இணைப்புகள் பெரும்பாலும் சாந்து நிறையாமல் கிடக்கும். பூசிய பிறகுதான் அது காற்றை நிறுத்துகிறது. வெப்பக் கோடு சாதாரண 9 இஞ்ச் செங்கல் சுவரில் கிட்டத்தட்ட இல்லை. ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த இலேசான சிமென்ட் கல்) போட்டால் உண்டு.

காற்றுக் கோடு எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் எளிய கணக்கு இருக்கிறது: காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6 ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டர் சுவரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். மணிக்கு 72 கி.மீ. வேகக் காற்று என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 20 பெருக்கல் 20, 400; அதில் 0.6 என்றால் 240. இந்த அழுத்தம் 24 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். அதாவது ஜன்னல் சட்டத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர், ஏறத்தாழ ஓர் இஞ்ச் மேலே ஏறி உள்ளே வரும். இந்த ஓர் இஞ்ச்சை நினைவில் வையுங்கள், ஜன்னலுக்கு வரும்போது தேவைப்படும்.

காற்றோட்டம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். ஆனால் அது நீங்கள் திறக்கும் ஜன்னல் வழியாக வரட்டும். மூட முடியாத விரிசல் வழியாக வருவது காற்றோட்டம் இல்லை.

தரை மட்டம்

இங்கே சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் செய்வது எளிது. பெல்ட் கான்கிரீட்டுக்கு (அஸ்திவாரத்தின் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) மேல் ஈரத்தடுப்பு அடுக்கு சுவர் முழு அகலத்துக்கும் போக வேண்டும், வாசல் அடியிலும் விடாமல். வெளித்தரையிலிருந்து அது 6 இஞ்ச்சாவது மேலே நிற்க வேண்டும். கெடுவது பிற்பாடுதான். வீட்டைச் சுற்றி மண் நிரப்பி, பேவர் பிளாக் போட்டு, தரையை அந்த அடுக்குக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஓதம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு பூச்சு வழியாக ஏறும். முற்றம் உயர்த்தும் ஆசை இருந்தால் அஸ்திவாரத்தைத் தொடங்கும்போதே உயர்த்திக் கட்டுங்கள்.

ஜன்னல்

எங்கள் பகுதியில் ஒழுகும் வீடுகளில் முதலில் நான் பார்ப்பது மேற்கு ஜன்னல். இதில் வேலையின் வரிசைதான் எல்லாம்.

என்னோடு பல காலமாக வேலை பார்க்கும் பெரிய மேஸ்திரி ஒவ்வொரு வீட்டிலும் கேட்பார்: "தம்பி, ஜன்னல்காரங்க வாரதுக்கு முன்ன கீழ்ப்படியப் பூசி கிரானைட்டும் போட்டுரட்டா?" நான் சொல்வேன்: "பூசுங்க அண்ணாச்சி, கிரானைட் இப்ப வேண்டாம். கோட்டிங் அடிச்சு, ஜன்னல் நின்ன பிறகு போடுவோம்." கிரானைட் முதலில் போய்விட்டால் ஜன்னல் அதன் மேல் உட்காரும்; கல்லுக்கு அடியில் இருக்கும் சாந்து வழியே தண்ணீர் நேராக உள்ளே போகும், நீலக் கோடு அங்கே அறுந்துவிடும்.

சரியான வரிசை இது. ஜன்னல் வாயின் அடிப்பரப்பை, அதாவது கீழ்ப்படியை, சாந்தால் பூசும்போது உள்ளிருந்து வெளியே அரை இஞ்ச்சாவது வாட்டம் கொடுங்கள். உள்பக்க ஓரத்தில் ஒரு சின்ன வரம்பு எழுப்புங்கள். உயரம் ஓர் இஞ்ச்சுக்கு மேல் இருக்கட்டும். காற்று தண்ணீரை ஓர் இஞ்ச் தூக்கும் என்று கணக்குப் போட்டோமே, அதற்காகத்தான். இரண்டு பக்க ஓரங்களிலும் அதே உயரம். அது காய்ந்ததும் சிமென்ட்டோடு பாலிமர் கலந்த வாட்டர்புரூஃப் கோட்டிங்கை அடிப்பரப்பு முழுக்க, வரம்பு மேலும் ஏற்றி, பக்கச் சுவர்களில் 6 இஞ்ச் உயரம் வரை இரண்டு கை அடியுங்கள். மூலைகளில் கண்ணாடியிழை வலை வைத்து அடித்தால் விரியாது.

அதன் பிறகே ஜன்னல் சட்டம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் 8 மி.மீ. போல இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இடைவெளியே இல்லாமல் இறுக்கி நிறுத்தி மேலே சிலிகானைத் தடவுவது வேலை அல்ல. அந்த மெல்லிய பட்டை முதல் வெயில் காலத்திலேயே உரிந்துவிடும். இடைவெளிக்குள் நுரைக் கயிறு திணித்து, அதன் மேல் சீலன்ட் பிடிக்க வேண்டும். சீலன்ட் சுவரையும் சட்டத்தையும் மட்டும் பிடித்தால் சுருங்கி விரியும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். அதைத் தடுக்கத்தான் கயிறு. சிலிகான் மேல் பெயின்ட் நிற்காது. சுவரோடு நிறம் சேர வேண்டிய இடத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் கேளுங்கள்.

அடிப்பக்கம் மட்டும் வேறு முறை. மேலும் பக்கங்களிலும் வெளியே சீலன்ட். அடியில் உள்பக்க வரம்போடு சேர்த்து உள்ளே சீலன்ட், வெளியே வடிய வழி விடுங்கள். எப்படியோ உள்ளே நுழைந்த தண்ணீர் வாட்டத்தில் இறங்கி வெளியேற அது வேண்டும். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அதைத் தள்ளிக்கொண்டு வர எதுவும் இல்லை. நீலக் கோடும் பச்சைக் கோடும் பிரிந்து ஓடுவது இங்கேதான், அதுவே சரி. நான்கு பக்கமும் வெளியே இறுக்கி அடைத்தால் உள்ளே போன தண்ணீருக்கு வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

நகரும் ஜன்னல்களின் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் சின்ன வடிதுளைகள் இருக்கும். பட்டி பார்க்கிறவர்கள் அதை அடைத்துவிட்டுப் போவார்கள். கடைசி நாளன்று ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். என்னைக் கேட்டால் மேற்குச் சுவரில் நகரும் ஜன்னலே வேண்டாம். அதில் காற்றை நிறுத்துவது வெறும் பிரஷ் பட்டை. கதவு போல் திறந்து, ரப்பர் மேல் இறுக அழுந்தி மூடும் ஜன்னலைப் போடுங்கள். கிழக்கிலும் தெற்கிலும் உங்கள் விருப்பம்.

சன்ஷேடு, பீம்

சன்ஷேடு சுவரைச் சேரும் மேல் மூலையில் தண்ணீர் தேங்கக் கூடாது. முன்பக்கம் வாட்டம், மூலையில் முக்கோணமாகச் சாந்து, அதன் மேல் கோட்டிங். கோட்டிங் சுவரில் 6 இஞ்ச் ஏறி, பூச்சு அதன் மேல் வந்து இறங்க வேண்டும். எந்த இணைப்பிலும் மேலே உள்ளது கீழே உள்ளதன் வெளிப்புறம் வந்து கவிய வேண்டும், ஓடு வேய்கிறவர் செய்வது போல. சன்ஷேடு அடியில் முன் விளிம்பிலிருந்து ஓர் இஞ்ச் உள்ளே தள்ளி அரை இஞ்ச் அகலத்துக்கு ஒரு காடி (பள்ளம்) எடுங்கள்; அடியில் ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மெல்லிய கோடாகக் கீறினால் தண்ணீர் அதைத் தாண்டி ஓடிவிடும்.

கான்கிரீட் பீமும் செங்கலும் சேரும் வரியில் பூச்சு விரியும். இரண்டும் வெயிலில் ஒரே அளவு நீள்வதில்லை. கடைசி வரிச் செங்கலைச் சில நாள் கழித்து இறுக்கி, இரண்டு பக்கமும் 6 இஞ்ச் ஏறும்படி கோழி வலை அடித்துப் பூசுங்கள். ஆணி அடித்து இழுத்துப் பிடித்த வலையாக இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் பூச்சு உள்ளே பொள்ளலாகும்.

மாடி

மாடியில் மூன்று கோடும் ஒன்றாக வருகின்றன. அதனால் கீழிருந்து மேலே இந்த வரிசையில் அடுக்குங்கள்: கான்கிரீட் தளம், வாட்டம் கொடுக்கும் சாந்து, 10 அடிக்கு ஒன்றேகால் இஞ்ச் இறக்கம், வாட்டர்புரூஃப் அடுக்கு, அதன் மேல் 2 இஞ்ச் எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பம் தடுக்கும் இறுகிய நுரைப் பலகை), மேலே ஒரு துணி விரிப்பு, சாந்து, ஓடு. வெப்பத் தடுப்பு மேலே இருப்பதால் வாட்டர்புரூஃப் அடுக்கு வெயிலில் வெந்து, இரவில் குளிர்ந்து வெடிக்காது. தண்ணீர் படும் இடம் என்பதால் எக்ஸ்பிஎஸ் மட்டும். வெள்ளைத் தெர்மாகோல் தண்ணீர் குடிக்கும்.

2018-ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசு விதித்தொகுப்பு, கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெறும் 5 இஞ்ச் கான்கிரீட் தளத்தில் அது 3-ஐத் தாண்டும். 2 இஞ்ச் எக்ஸ்பிஎஸ் போட்டால் 0.6 பக்கம் இறங்கிவிடும். ஓர் இஞ்ச் போட்டாலே விதிக்குள் வரும். இருந்தாலும் நான் இரண்டு என்றே சொல்வேன், ஏனென்றால் கூரை பெறும் வெயில் எந்தச் சுவரும் பெறாதது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அடித்த பழைய தளமும், அதன் மேல் தட்டோடும் இதே இரண்டு வேலையையும் நன்றாகவே செய்தன. அதை அடிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள்.

கைப்பிடிச்சுவர் மூலையில் கோட்டிங் முடிந்துவிடக் கூடாது. முக்கோணச் சாந்தில் ஏறி, ஓடு போட்டு முடித்த மட்டத்துக்கு மேல் 6 இஞ்ச் சுவரில் ஏற வேண்டும். அங்கே சுவரில் காடி வெட்டி அதற்குள் செருகி முடியுங்கள். கைப்பிடிச்சுவரின் தலையை எல்லோரும் மறக்கிறார்கள். அதுவும் நீலக் கோட்டின் பாதைதான். உச்சியில் கல்லோ கான்கிரீட் பட்டையோ வைத்து, மாடிப் பக்கம் சரியும்படி வாட்டம் கொடுத்து, இரண்டு ஓரத்திலும் அடியில் காடி எடுங்கள். வாட்டம் வெளிப்பக்கம் இருந்தால் உச்சியில் படியும் அழுக்கெல்லாம் வெளிச்சுவரில் கருங்கோடாக இறங்கும்.

மழைத்தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் கோட்டிங் குழாய் வாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு குழாய் வையுங்கள். ஒன்று இலையில் அடைத்தால் மற்றது காப்பாற்றும். வாட்டர்புரூஃப் அடுக்கை மூடுவதற்கு முன் குழாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழ்ச்சீலிங்கைப் பாருங்கள்.

கணவாய்க்கு அந்தப்புறம் மொட்டைமாடி மேல் இரும்புச் சட்டம் ஏற்றி ஷீட் போடுவது இப்போது வழக்கம். இந்தப்பக்கமும் வந்துவிட்டது. நல்ல யோசனைதான், வெயில் தளத்தில் படவே படாது. ஆனால் பக்கங்களைத் திறந்தே விடுங்கள், சூடு காற்றோடு போகட்டும். அப்படித் திறந்தால் சாரல் உள்ளே வரும். ஆகவே ஷீட் இருக்கிறதே என்று தளத்தின் வாட்டர்புரூஃபை விடக் கூடாது. ஓட்டு வீடாக இருந்தால் ஓடு தண்ணீரை மட்டுமே நிறுத்தும். காற்றுக் கோட்டைக் கீழே உள்ள மச்சிலோ சீலிங்கிலோதான் ஓட்ட வேண்டும். ஏசி வைக்கிற அறையென்றால் இது கட்டாயம்.

வெப்பக் கோடு அறுபடும் இடங்கள்

ஏஏசி பிளாக்கை விடக் கான்கிரீட் சுமார் பத்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவர் முழுக்க ஏஏசி போட்டு, தூணும் பீமும் வெளியே தெரிய நின்றால், சிவப்புக் கோடு ஒவ்வொரு தூணிலும் அறுபடும். மேற்குச் சுவரில் மட்டுமாவது தூணை 2 இஞ்ச் உள்ளே தள்ளி, வெளியே மெல்லிய பிளாக் துண்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். சேரும் இடத்தில் வலை. மாடியில் எக்ஸ்பிஎஸ் பலகை கைப்பிடிச்சுவர் வரை வந்து நின்றால், வெயிலில் காய்ந்த சுவர் வழியே சூடு தளத்துக்குள் இறங்கும். உள்முகத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பலகையை ஏற்றிப் பூசிவிடுங்கள். சன்ஷேடு வழியாகவும் கொஞ்சம் சூடு வரும். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தரும் நிழல் அதைவிடப் பெரிது.

கணவாய்க்கு அந்தப்புறம் வெட்டுக்கல் சுவரைப் பூசாமல் அழகுக்காக விடுவார்கள். வெட்டுக்கல் நுண்துளை உள்ளது, தண்ணீர் குடிக்கும். கூரை மூன்றடி நீண்டு நிற்கும் பழைய வீட்டில் அது நிற்கும். நீட்டமே இல்லாத புதுப் பெட்டி வீட்டில் சாரல் படும் பக்கம் பூசத்தான் வேண்டும்.

ஏசி அறை

வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். சாரல் காலத்தில் சாதாரணம். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீர் விடும். ஏசியை 22-ல் வைத்த அறைச் சுவருக்குள் அது விரிசல் வழியே நுழைந்தால் உள்ளேயே வியர்க்கும். இது மழை ஒழுகல் என்று நினைத்து மாடியை உடைத்தவர்கள் உண்டு. அந்த அறையின் வெளிச்சுவரில் உள்பக்கம் வினைல் வால்பேப்பர் ஒட்டாதீர்கள். வெளியிலிருந்து வரும் ஈரம் அதன் பின்னால் சிக்கிக் கருப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

துளைகள்

வீடு முடிந்த பிறகு வருகிறவர்கள் போடும் துளைகள் மூன்று கோட்டையும் ஒரே அடியில் அறுக்கும். ஏசிக் குழாய்த் துளையை வெளியே இறங்கும் சரிவில் போடச் சொல்லுங்கள். உள்ளே பிவிசி குழாய்த் துண்டு வைத்து, சுற்றிலும் சீலன்ட். பியூ (பாலியூரித்தேன்) நுரையை மட்டும் அடித்தால் வெயிலில் பொடியும். மாடியிலிருந்து இறங்கும் மின்குழாய்களின் வாயை மேலேயே அடையுங்கள். காற்றடிக்கும் நாளில் சுவிட்ச் போர்டு துளையில் கை வைத்தால் காற்று வருவது அந்த வழியாகத்தான். சோலார் தகடு ஸ்டாண்டுக்குத் தளத்தில் போல்ட் அடிக்க விடாதீர்கள். 2024-ல் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு இந்தத் துளைகள் பெருகிவிட்டன. வாட்டர்புரூஃப் செய்யும்போதே சின்னக் கான்கிரீட் மேடைகள் எழுப்பி, கோட்டிங்கை அவற்றின் மேலும் ஏற்றிவிட்டால், பிற்பாடு போல்ட் மேடைக்குள்தான் போகும்.

சோதனை

பெயின்டுக்கு முன், சாரலுக்கு முன், மே மாதத்தில் செய்யுங்கள். தண்ணீருக்கு ஹோஸ் குழாய். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் ஜன்னல் அடிப்பக்கம் பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், பிறகு தலைப்பக்கம், அப்புறம் சன்ஷேடு மூலை. மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து இறங்கும், எந்த இடம் ஒழுகியது என்று தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும்.

காற்றுக்கு எல்லா ஜன்னலையும் மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்தியை ஜன்னல் ஓரம், சுவிட்ச் போர்டு, சீலிங் மூலை என்று கொண்டுபோங்கள். புகை உள்பக்கமாகச் சாயும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வெப்பத்துக்கு, வெயில் அடித்த நாளில் இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரின் உள்பக்கம் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தூணையும் பிளாக்கையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டு டிகிரி வித்தியாசம் வந்தால் கோடு அறுந்த இடம் அது.

இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதும்போது, ஒவ்வொரு இணைப்புக்கும் யார் பொறுப்பு என்று தனி வரி போடுங்கள்: ஜன்னல் சுற்றுச் சீலன்ட் ஜன்னல்காரருக்கு, கீழ்ப்படிக் கோட்டிங் கொத்தனாருக்கு, கைப்பிடிச்சுவர்க் காடி வாட்டர்புரூஃப்காரருக்கு. ஹோஸ் சோதனை அன்று மூன்று பேரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். கடைசித் தவணையை அன்று சாயங்காலம் கொடுங்கள்.